மூன்றாம் பிரிவில் ஒரு சுருக்கொப்பம் இல்லை

போன புதன்கிழமை இதே அறையில் அவர் பேசினார் என்றும், பேசி முடித்ததும் நீங்கள் பன்னிரண்டு பேரும் எழுந்து நின்று கை தட்டினீர்கள் என்றும் டீ கொண்டுவரும் அக்கா சொன்னார். நல்லது. எனக்காக யாரும் எழுந்திருக்க வேண்டாம். முதலில் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், இரண்டாவதாக என்னை. இருபத்தாறு வருஷம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம். இருபத்தாறு வருஷமும் இப்படித்தான் நடந்தது.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. மரியாதையால் என்று நினைத்துவிடாதீர்கள், பொறாமையால். ஓய்வு பெற்றும் தீரவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை இருக்கிறது, இதற்கு எந்த டாக்டரிடம் போவது? அவர் பாறசாலைப் பக்கம், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நான் கரமனை அக்ரஹாரத்துக்காரன். ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். அரசாங்கம் கொண்டுவர நினைக்கும் சட்டங்களை எழுதித் தருவது வேலை. சட்டம் அமைச்சர் பெயரில் வரும், சபையில் நிறைவேறும், எழுதினவன் பெயர் எங்கும் இருக்காது. நீங்களும் இனி அதைத்தான் செய்யப்போகிறீர்கள்.

நீங்கள் அவரிடம் கேட்ட கேள்வியையும் அக்கா சொன்னார். குடிமக்கள் மேல் வரி போடும் அரசாங்கத்துக்குச் சட்டத்தில் வரம்பு உண்டா என்று கேட்டீர்களாம். அவர் சிரித்துக்கொண்டே, "அடுத்த வாரம் வாற சாரிட்ட கேளுங்க, அவருக்குத்தான் நல்லா தெரியும்" என்றாராம். மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். சரி, சொல்கிறேன்.

புத்தகத்தில் இருக்கும் வரம்புகள் எல்லாம் எனக்குத் தெரியும். இலாகா பரீட்சையில் அவரைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கினவன் நான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது என்று அரசியலமைப்பில் இருக்கிறது. அருமையான வாக்கியம். அந்தச் சட்டத்தை எழுதுவது யார்? நான். எழுதச் சொல்வது யார்? வரி வேண்டும் என்கிறவர். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது என்பார்கள். அந்த வேலியை அடித்துக் கொடுத்துச் சம்பளம் வாங்கினவன் நான். கோர்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் கோர்ட் ஒரு வரியைத் தள்ளும்போது பெரும்பாலும் என்ன சொல்கிறது? நீங்கள் எழுதிய சொற்கள் போதவில்லை என்கிறது. சொற்கள்தானே, நம்மிடம் இன்னும் இருக்கின்றன. வேறு சொற்களை எழுதி, பழைய தேதியிலிருந்தே இவைதான் அமலில் இருந்தன என்று சேர்த்துவிட்டால் தீர்ந்தது கதை. நான் தீர்த்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் ஆடம்பர வரி என்று ஒன்று உண்டு. பெரிய ஓட்டல் அறைகளுக்கானது. அதை ஹாஸ்டல்களுக்கும் நீட்ட வேண்டும் என்று ஒரு நாள் ஃபைல் வந்தது. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகி, வீட்டுக்கு வீடு ஹாஸ்டல் போர்டு தொங்க ஆரம்பித்திருந்த காலம். ஃபைல் எதிர் மேசைக்குப் போகாமல் என் மேசைக்கு வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹாஸ்டலில் எதை ஆடம்பரம் என்பது? மண்டையை உடைத்துக்கொண்டு, குழாயில் வெந்நீர் வரும் எந்த விடுதி அறையும் ஆடம்பர அறையாகக் கருதப்படும் என்று எழுதினேன். 'கருதப்படும்' என்ற சொல்லை மதியுங்கள். நம் தொழிலில் அதைப்போல உழைக்கும் சொல் வேறு இல்லை.

உங்களுக்குக் கம்பேரிங் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எழுதினவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும், எதிரில் இருப்பவர் சுத்தப் பிரதியில் கண்ணை ஓட்டிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு பிரிவும் முடிந்ததும் இரண்டு பேரும் ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவது வழக்கம், அதாவது பெயரின் முதலெழுத்து. எழுத்துப்பிழை பிடிப்பதற்காக யாரோ கொண்டுவந்த வழக்கம் அது. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். தாம் படித்த வாக்கியத்துக்குத் தாமும் பொறுப்பு என்று நினைத்தார். நான் வாசிக்கும்போதெல்லாம் அவர் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருப்பேன், திறக்கிறாரா இல்லையா என்று.

வெந்நீர்ப் பிரிவை வாசித்தபோது மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"சாரே, வெந்நீரு ஆடம்பரமா? எங்க வீட்டுல பெத்த மாட்டுக்கே வெந்நீரு வைப்போம், கேட்டோ."

"கருதப்படும்னு போட்டிருக்கேனே. அப்பறம் என்ன?"

"கோர்ட்டுல சிரிப்பாவ சாரே."

"சிரிக்கட்டும்."

"அப்ப செரி. அது சாருக்க பாடு" என்று ஒப்பம் போட்டார்.

சட்டம் வந்தது. நாலு வருஷம் ஹாஸ்டல் பக்கம் ஒரு அதிகாரியும் எட்டிப்பார்க்கவில்லை. பிறகு திடீரென்று, நாலு வருஷத்து வரியையும் மொத்தமாகக் கேட்டு எல்லோருக்கும் நோட்டீஸ் போனது. ஹாஸ்டல்காரர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். நான் ஹைகோர்ட் இருக்கும் எர்ணாகுளத்துக்கு ரயிலேறிப் போய், அரசு வக்கீலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நீதிபதி என் வாக்கியத்தை உரக்க வாசித்தார். இரண்டடுக்குக் கட்டிலில் மேல்தட்டில் படுத்திருக்கும் பெண், எழுந்தால் ஃபேனில் தலை இடிக்குமே என்று பயந்துகொண்டே எந்த ஆடம்பரத்தை அனுபவிக்கிறாள் என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. அரசு வக்கீலும் சிரித்தார், நம்முடைய ஆள்! வரி செல்லாது என்று தீர்ப்பு. திரும்பி வரும்போது தோற்றதுகூட எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. சிரிப்பார்கள் என்று அவர் அன்றைக்கே சொன்னாரே, அதுதான் கொல்லம் தாண்டியும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

தீர்ப்பைத் தாண்டும் சட்டம் ஒன்று ஒரு வாரத்தில் வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. மலையாளியான மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"சாமி எழுதினதல்லே, சாமி தன்னெ சரியாக்கணும்." அக்ரஹாரத்துக்காரனான நான் அவருக்குச் சாமி, சாமி எழுதினதைச் சாமியே சரிசெய்ய வேண்டுமாம்.

இந்த முறை ஆத்திரத்தில் எழுதினேன். ஆத்திரத்தில் நான் நன்றாகவே எழுதுவேன். மூன்றே பிரிவு. முதல் பிரிவு சட்டத்தின் பெயர். இரண்டாவதில் வெந்நீரையே எடுத்துவிட்டேன். காசு வாங்கிக்கொண்டு தங்க இடமும் சாப்பாடும் சேர்த்துத் தரும் எந்த விடுதியும் ஆடம்பரம் தருவதாகக் கருதப்படும். மூன்றாவது, இந்தப் புதிய பொருள் நாலு வருஷத்துக்கு முன்னாலிருந்தே அமலில் இருந்ததாகக் கருதப்படும், எந்த நீதிமன்றம் என்ன தீர்ப்பு சொல்லியிருந்தாலும் அந்த நாலு வருஷத்து வரியையும் செலுத்தியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பேரிங். முதல் பிரிவுக்கு ஒப்பம் போட்டார். இரண்டாவதைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார், போட்டார். மூன்றாவதை வாசித்து முடித்தேன். பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார்.

"இதுல ஒரு வாக்கியம் கூட வேணும் சாரே. தங்கினவங்ககிட்ட இந்த வரிய வாங்காதவங்க, பழைய நாலு வருஷத்துக்கு அடைக்க வேண்டாம்னு."

"வாங்கினாளா வாங்கலையான்னு அரசாங்கத்துக்கென்ன? அந்த அதிகாரம் இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்கோ."

"இருக்கு."

"கோர்ட்ல நிக்குமா?"

"நிக்கும். இந்தத் தடவ நல்லா எழுதியிருக்கீங்க. இனி ஒருத்தரும் தடுக்க மாட்டாவ. அதனாலதான் இங்க வச்சே சொல்லுதேன்."

நல்லா எழுதியிருக்கீங்க. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? வந்தது, இப்படி வந்தது. தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர், தம்முடைய சர்ச்சுப் பெண் ஒருத்தி கழக்கூட்டத்தில் ஒரு ஹாஸ்டலில் இருந்தாள் என்றும், நாளைக்கு அந்த இடத்தைப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். சாரும் வாறீங்களா என்று கேட்டார். போனேன். இரக்கத்தால் போனேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அவருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் போனேன்.

ஹைவேயிலிருந்து ஒரு சந்துக்குள் வாடகை வீடு. கீழே சமையல், மேலே மூன்று அறைகள். நடத்தியவர் இசக்கியம்மாள், வள்ளியூர்க்காரர். புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபின், கையில் கழுத்தில் இருந்ததை எல்லாம் போட்டு ஆரம்பித்த இடம். தங்கியிருந்தவர்கள் கம்ப்யூட்டர் தட்டுகிறவர்கள் இல்லை. அந்தக் கம்பெனிகளின் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிற, துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள். என் தோல்பையையும் கண்ணாடியையும் பார்த்ததும் இசக்கியம்மாள் என்னை வரி அதிகாரி என்று முடிவு செய்துவிட்டார். பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த நோட்டீஸை எடுத்து நீட்டினார். பிறகு குளியலறைக் கதவைத் திறந்து சுவரிலிருந்த கீசரைக் காட்டினார்.

"பிள்ளைய விடியக்காலம் வேலைக்குப் போணும் சார். சளி பிடிக்குன்னு பழசா ஒண்ணு வாங்கி மாட்டுனேன். கழத்திரட்டா? கழத்திட்டா வரி போயிருமா?"

என் பையில் இருந்த சட்டத்தில் வெந்நீரே இல்லை. கழற்றினாலும் ஒன்றும் ஆகாது. அதை எப்படிச் சொல்வது?

"கோர்ட்டுல வேண்டாம்னுட்டாங்களாம்லா. இனி வராதுல்லா சார்?"

"கோர்ட் சொன்னா சொன்னதுதான்" என்றேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாத ஒரு பதில். எதிர் மேசை என்னைப் பார்த்தது.

"அப்பமே தெரிஞ்சிருந்தா மாசாமாசம் கொஞ்சம் சேத்து வாங்கியிருப்பேன். இனி யார்ட்டப் போய்க் கேக்க? பாதிப் பேரு கல்யாணமாகிப் போயிட்டாளுவ. மொத்தமா கட்டணும்னா இத மூடிட்டுப் போவ வேண்டியதுதான்."

கிளம்பும்போது இசக்கியம்மாள் வீட்டில் சுட்ட முறுக்கு ஒரு பொட்டலம் கட்டி எதிர் மேசையின் கையில் கொடுத்தார். "கொண்டு போங்கம்மா." எனக்கு இல்லை. வரி அதிகாரிக்குக் கொடுத்தால் லஞ்சம் என்று ஆகிவிடுமோ என்ற பயமாக இருக்கும், எனக்குப் புரிந்தது. புரிந்தும் எரிந்தது. பஸ்ஸில் அவர் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். எனக்கு எண்ணெய்ப் பண்டம் ஆகாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு முறுக்கு என்றால் உயிர்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அவர் கேட்ட அந்த வாக்கியத்தை நானே எழுதினேன். அவர் சொன்னதைவிட ஏழு சொல் குறைவாக, எங்கும் ஓட்டை இல்லாமல். நான் எழுதியவற்றிலேயே நல்ல வாக்கியம் அதுதான், நம்புங்கள். திங்கட்கிழமை அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேலதிகாரி அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரிடமோ போனில் எதிர் மேசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "ஆ மேடம் நோக்கியதா? எங்கில் ஞான் கண்ணடச்சு ஒப்பிடும்." அந்த மேடம் பார்த்ததென்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவாராம்.

இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஆளுக்கு எழுதிக் கொட்டியிருக்கிறேன். ஒரு நாள் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. சட்டைப்பையிலிருந்த வாக்கியத்தை நீட்டினால், இது சாமியின் சரக்கா, மேடத்தின் சரக்கா என்று கேட்பார். நல்லதாக இருந்தால் மேடத்துடையது என்றே முடிவு செய்வார். தாளை வெளியே எடுக்கவில்லை. பழைய பிரதியை அப்படியே மேசைமேல் வைத்தேன்.

புரட்டினார். மூன்றாம் பிரிவில் விரலை வைத்தார்.

"எந்தா சாமி, இவிடெ மேடத்தின்டெ இனிஷியல் இல்லல்லோ?"

"வெள்ளிக்கிழமை பாதியிலேயே கெளம்பிட்டா சார். இன்னிக்கு லீவு."

அவர் ஒரு மாடி கீழே, என் காலி நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.

சட்டம் நிறைவேறியது. மறுபடி வழக்கு, மறுபடி எர்ணாகுளம், வேறொரு நீதிபதி. சட்டம் கடுமையானதுதான், ஆனால் கடுமை என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ள முடியாது, அதிகாரம் இருக்கிறது என்றார். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. நான் எழுதினது ஒரு எழுத்துக்கூடக் குலையாமல் நின்றது. ஜெயித்துவிட்டேன், புரிகிறதா? அவர் வந்து சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒரே ஒரு நாள், "சாரே, மூணாம் பிரிவு எப்படிப் போச்சு?" என்று கேட்டார். "மேலே சரின்னுட்டா" என்றேன். தலையாட்டிவிட்டு அன்றைய கம்பேரிங்குக்குப் பேனாவைத் திறந்தார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும்.

இசக்கியம்மாள் அந்த வருஷமே ஹாஸ்டலை மூடிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. கழக்கூட்டம் வழியாகப் போகும் பஸ்ஸில்கூட ஏறாமல் இருந்தேன்.

இன்று பேசுவதற்குக் குறிப்பு எடுக்க வேண்டும் என்று கேட்டு, மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தப் பழைய ஃபைலை வாங்கிப் பார்த்தேன். முதல் பிரிவின் ஓரத்தில் இரண்டு ஒப்பம். இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் என்னுடையது மட்டும், பக்கத்தில் ஒரு அங்குலம் வெறும் தாள். ஃபைலை மூடிக் கொடுத்துவிட்டு நேரே கழக்கூட்டம் போனேன். அந்த வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. விசாரித்ததில், இசக்கியம்மாள் அதே சந்தில் வேறொருவர் ஹாஸ்டலில் சமையல் வேலை செய்வதாகச் சொன்னார்கள். போய் நின்றேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"யாரு சார்? தெரியலயே."

"ரொம்ப வருஷம் முன்னால வந்திருக்கேன். ஒரு அம்மாகூட. ஆபீஸ்லேர்ந்து."

முகம் அப்படி மலர்ந்ததே, பார்க்க வேண்டும். எனக்காக இல்லை. "அந்த அம்மா நல்லாருக்காங்களா? கிறிஸ்மசுக்கு கேக் கொண்டு தந்தாங்க. இந்த வேலையும் அவங்க சொல்லி வாங்கித் தந்ததுதான்" என்றார். எதிரெதிரே இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தோம், இதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. எனக்கு அங்கேயே, அந்தச் சமையலறை வாசலிலேயே, பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. வெட்கமாக இல்லையா என்று கேளுங்கள். இருந்தது, கூடவே அதுவும் இருந்தது.

சொல்லிவிட்டேன். "அந்தச் சட்டத்தை எழுதினது நான்தாம்மா."

இசக்கியம்மாள் கோபப்படவில்லை. "நீங்க என்ன சார் செய்வீங்க? கவர்மெண்டு எழுதுன்னா எழுதத்தான வேணும். எழுதினவர ஒண்ணும் சொல்லப்பிடாதுன்னு அந்த அம்மாவும் அன்னைக்கே சொன்னாங்க" என்றார்.

அதிலும் முந்திக்கொண்டார், பார்த்தீர்களா? நான் மன்னிப்புக் கேட்கப் போவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் எனக்கு மன்னிப்பு வாங்கி வைத்துவிட்டார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வரி போடும் அதிகாரத்துக்குச் சட்டத்தில் வரம்பு உண்டா? தேடிப் பார்த்தவன் சொல்கிறேன், நம்பாதீர்கள். தீர்ப்பு, அரசியலமைப்பு, சபை, எல்லாவற்றையும் நான் சொற்களை வைத்தே தாண்டியிருக்கிறேன், வியர்க்கக்கூட இல்லை. அந்த ஒரு அங்குலக் காலி இடத்தைத் தாண்ட மட்டும் எனக்குச் சொற்கள் போதவில்லை. பொய் சொல்ல வேண்டியிருந்தது. நாளை கம்பேரிங்கில் பேனாவைத் திறக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு உதவி. அன்று கிளம்பும்போது இசக்கியம்மாள் ஒரு பொட்டலம் கொடுத்தார். கையை நீட்டிவிட்டேன். "அந்த அம்மாகிட்ட குடுத்திருங்க சார்" என்றார். இதோ, இந்தப் பையில் இருக்கிறது. மூன்று வாரமாகப் பாறசாலை பஸ்ஸில் ஏற எனக்குக் கால் வரவில்லை. வரும் புதன்கிழமை அவர் மறுபடி இங்கே வருகிறாராம், நீங்கள் கொடுத்துவிடுங்கள். முறுக்கு கொஞ்சம் நமுத்திருக்கும். ஒன்று குறைவாகவும் இருக்கும், அதைத் தின்றது நான் என்று சொல்லுங்கள். அன்றைக்கு அவர் லீவில் இருந்தார் என்று நான் சொன்னதையும் சொல்லிவிடுங்கள்.